நசுங்கிய எலும்பை நிமிர்த்தும் கணக்கு

ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில், ஜுராப் பாலைவனத்தில், 2001 ஜூலையில் ஒரு மண்டையோடு கிடைத்தது. வயது ஏறத்தாழ 70 லட்சம் ஆண்டு. மனித வம்சமும் சிம்பன்சி வம்சமும் பிரிந்ததாகக் கருதப்படும் காலத்தை ஒட்டியது. மிஷெல் புருனே தலைமையிலான குழுவைச் சேர்ந்த அஹுன்டா ஜிம்டுமல்பாய் கண்டெடுத்த அந்தப் பிராணிக்குச் சாகெலாந்த்ரோபஸ் என்று பெயரிட்டார்கள், செல்லப்பெயர் தூமாய். அது இரண்டு காலில் நடந்ததா என்பதே எல்லோரும் கேட்ட கேள்வி. விடைக்கான தடயம் மண்டையோட்டின் அடியில் உள்ள ஒரு துளையில் இருந்தது. தண்டுவடம் மூளையோடு சேரும் வழி அது. நிமிர்ந்து நடக்கும் உயிருக்கு அந்தத் துளை கீழ்நோக்கி இருக்கும். நாலு காலில் நடக்கும் உயிருக்குப் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். கோணத்தை அளந்துவிடலாம்தான். ஆனால் தூமாயின் மண்டையோடு உடைந்து, துண்டுகள் இடம் மாறி, கோணிப்போய்க் கிடந்தது. அளந்தால் கிடைப்பது பிராணியின் கோணமா, அதை நசுக்கிய மண்ணின் கோணமா?

தொல்லெச்சம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரலாறு உண்டு. உயிரோடு இருந்தபோது வளர்ந்த வடிவம் முதலாவது. செத்துப் புதைந்த பிறகு மண் திணித்த வடிவம் இரண்டாவது. இரண்டும் ஒரே எலும்பில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. இரண்டாவதைக் கழித்து முதலாவதைத் திரும்பப் பெறும் வேலையை மீள்வடிவாக்கம் என்போம். இன்று அது பெரும்பாலும் கணினிக்குள் நடக்கிறது. கணினி ஒரு மண்டையோட்டை எந்த உருவத்துக்கும் வளைத்துக் கொடுத்துவிடும், ஆபத்தும் அதுவே. எந்த வளைவு செல்லும், எந்த வளைவு செல்லாது என்று தீர்ப்புச் சொல்லும் விதிகளைக் கண்டுபிடித்ததில்தான் இந்தத் துறையின் சாமர்த்தியம் இருக்கிறது.

மண் எவ்வளவு அழுத்தும்? ஒரு கன மீட்டர் ஈரமண் சுமார் 2 டன் இருக்கும். அது 100 மீட்டர் உயரத்துக்குப் படிந்தால், அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 20 கிலோ சுமக்கும். கட்டைவிரல் நகம் அகலத்தில் ஆறு வயதுக் குழந்தை ஏறி நிற்கும் கனம் அது. ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் அதே இடம் 200 கிலோவைத் தாங்க வேண்டும். போதாக்குறைக்கு, புதிதாகப் படிந்த சேற்றில் பாதிக்கு மேல் தண்ணீர். மேலே பாரம் ஏற ஏறத் தண்ணீர் பிதுங்கி வெளியேறும். படுகை மெலியும். உள்ளே கிடக்கும் மண்டையோடும் அதோடு சேர்ந்து தட்டையாகும்.

எலும்பு மூன்று விதமாக உருக்குலைகிறது. முதலாவது, உடைந்து துண்டுகள் நகர்வது. இது எளிதில் கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது, உடையாமலே வளைவது. கல்லான எலும்பு வளையுமா என்று தோன்றும். மலைகளில் பாறை அடுக்குகளே மடிந்து கிடக்கின்றனவே! அவசரமாகத் தட்டினால் நொறுங்கும் பொருள், லட்சக்கணக்கான ஆண்டுகள் மெதுவாக அழுத்தினால் இணங்கி வளைந்துவிடும். இந்த வளைவில் விரிசல் இருக்காது. அதனால் அது வளைவு என்பதே தெரியாமல் போகலாம்.

மூன்றாவது விதம் நூதனமானது: எலும்பு பெருத்துவிடுகிறது. நூலிழை விரிசல்களில் மண்ணும் கனிமமும் புகுந்து, அவற்றை ஆப்புபோல விரிக்கின்றன. கென்யாவில் துர்க்கானா ஏரிக்கு மேற்கே 1999-இல் கிடைத்த, 35 லட்சம் ஆண்டு பழமையான தட்டை முக மண்டையோட்டைச் சுற்றி எழுந்த சண்டைக்கு இதுதான் காரணம். மீவ் லீக்கியின் குழு 2001-இல் அதைப் புதிய பேரினமாக அறிவித்து கென்யாந்த்ரோபஸ் என்று பெயர் சூட்டியது. 2003-இல் டிம் வைட் என்ற ஆய்வாளர் குறுக்கிட்டார். அந்த மண்டையோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சில்லுகள். ஒவ்வொரு இடுக்கிலும் மண். அந்த முகத்தின் தட்டைத்தன்மை பிராணிக்குச் சொந்தமா, விரிசல்களுக்குச் சொந்தமா என்று கேட்டார். ஃப்ரெட் ஸ்பூரும் லீக்கியும் சகாக்களும் ஸ்கேன் படங்களில் மேல்தாடையின் விரிசல்களை ஆராய்ந்து, கோணலைக் கணக்கில் எடுத்துத் திருத்திய பிறகும் அது தனி வகையாகவே நிற்கிறது என்று 2010-இல் பதில் சொன்னார்கள். ஒரு பேரினம் இருந்ததா இல்லையா என்ற கேள்வி, மயிரிழை இடுக்குகளின் கூட்டுத்தொகையில் வந்து நின்றது.

இந்தக் கணக்கின் முதல் பாடத்தைக் கற்றுக்கொடுத்தவை எலும்புகள்கூட இல்லை, சிப்பிகளும் டிரைலோபைட்டுகளும்தான். டிரைலோபைட் என்பது கரப்பான்போலக் கண்டங்கள் கொண்ட பழங்காலக் கடல்வாசி. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் டெலபோல் என்ற ஊரில் கற்பலகைச் சுரங்கம் இருக்கிறது. அங்கே பலகைகளில் அகன்ற சிறகு விரித்ததுபோல ஒரு உருவம் தென்படும். சுரங்கத் தொழிலாளர்கள் அதை டெலபோல் பட்டாம்பூச்சி என்றார்கள். உண்மையில் அது இரட்டை ஓடு கொண்ட கடலுயிர். மலை எழும்பிய அழுத்தத்தில் பாறையோடு சேர்ந்து இழுபட்டு அந்த உருவம் எடுத்திருந்தது. 1847-லேயே டேனியல் ஷார்ப் இப்படிக் கோணிய ஓடுகளைப் பார்த்து, பாறை எந்தத் திசையில் நசுங்கியிருக்கும் என்று யோசித்தார்.

கட்டம் போட்ட லுங்கி ஒன்றை எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். சதுரங்கள் எல்லாம் சாய்சதுரமாகும். அதில் வட்டமாக ஒரு கறை இருந்தால் அது முட்டை வடிவமாகும். லுங்கி முழுக்க நடந்தது ஒரே இழுப்புத்தான். இப்போது அதே லுங்கியில் ஒரே அச்சில் செய்த பல முத்திரைகள், ஒவ்வொன்றும் ஒரு திசை பார்த்துப் பதிந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இழுத்தபின் ஒன்று நீண்டிருக்கும், ஒன்று குண்டாகியிருக்கும், ஒன்று ஒருபக்கம் சாய்ந்திருக்கும். ஒரே பலகையில் கிடக்கும் டிரைலோபைட்டுகளின் நிலையும் இதுதான். இவற்றை வெவ்வேறு இனம் என்று நினைத்துப் பெயர் வைத்தவர்கள் உண்டு. விடை அழகானது: எல்லா முத்திரைகளையும் ஒரே சமயத்தில் ஒரே உருவமாக்கும் எதிர் இழுப்பு எதுவோ, அதுதான் மண் இழுத்த இழுப்பின் மறுதலை. ஃபிலிப் லேக் 1943-இல் இதற்கு ஒரு வழிமுறையை வெளியிட்டார். 1976-இல் ஆப்பிள்பி, ஜோன்ஸ் என்ற இருவர் தொலைக்காட்சித் திரையில் படத்தை இழுத்துச் சுருக்கும் கருவியையே இதற்காகப் பயன்படுத்தினார்கள்.

பலகையில் ஒட்டிக் கிடப்பதற்கு நீளம், அகலம் என்று இரண்டு திசை போதும். மண்டையோட்டுக்கு மூன்று வேண்டும், உட்புறமும் வேண்டும். எத்தியோப்பியாவில் 1974-இல் கிடைத்த லூசி என்ற எலும்புக்கூட்டின் இடுப்பெலும்பு நொறுங்கித் தவறாகப் பொருந்தியிருந்தது. ஓவன் லவ்ஜாய் அதற்கு ஒரு பிளாஸ்டர் வார்ப்பு எடுத்து, ரம்பத்தால் அறுத்து, துண்டுகளைத் திரும்பச் சரியான கோணத்தில் ஒட்டினார். கையால் செய்த மீள்வடிவாக்கம் அது. இன்றைய ரம்பம் எக்ஸ் கதிர்.

சி.டி. ஸ்கேன் 1971-இல் மருத்துவமனைக்கு வந்தது. 1980-களில் தொல்லெச்சங்களுக்கும் வந்துவிட்டது. எலும்பை எல்லாப் பக்கமிருந்தும் எக்ஸ் கதிரால் ஊடுருவி, உள்ளே எங்கே எவ்வளவு அடர்த்தி என்று கணக்கிடும் முறை இது. விளைவு ஒரு முப்பரிமாணக் கட்டம். அதன் மிகச்சிறு கனசதுரத்தைக் கனப்புள்ளி என்று சொல்லலாம். புகைப்படத்துக்குப் புள்ளி எப்படியோ, இதற்குக் கனப்புள்ளி. 20 சென்டிமீட்டர் மண்டையோட்டை ஒரு தாளின் கனமான 0.1 மில்லிமீட்டர் நுட்பத்தில் ஸ்கேன் செய்தால், ஒவ்வொரு திசையிலும் 2,000 புள்ளிகள். மூன்றையும் பெருக்கினால் 800 கோடி: பூமியில் உள்ள ஆளுக்கு ஒரு கனப்புள்ளி. உயிருள்ள நோயாளி இல்லை என்பதால் கதிரின் வலிமையைக் கூட்டவும் தயக்கமில்லை. பிரான்சின் கிரெனோபிள் நகரில் 844 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் எலக்ட்ரான்களைக் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் சுழற்றி எக்ஸ் கதிர் எடுக்கிறார்கள். பெரிய விஞ்ஞானக் கூடமான அதில் தொல்லெச்சங்களும் வரிசையில் நிற்கின்றன.

அடுத்து வருவது பொறுமை கேட்கும் வேலை. எலும்பும் கல், அதைச் சுற்றியிருப்பதும் கல். இரண்டின் அடர்த்தியும் சில இடங்களில் ஏறத்தாழ ஒன்றுதான். எந்தக் கனப்புள்ளி எலும்பு, எது மண் என்று படம் படமாகப் பார்த்து வண்ணம் தீட்டிப் பிரிக்க வேண்டும். இப்போது செயற்கை நுண்ணறிவு இதில் கைகொடுக்கிறது. முன்பு மனிதக் கண்தான். எத்தியோப்பியாவில் கிடைத்த ஆர்டி என்ற எலும்புக்கூடு 44 லட்சம் ஆண்டு பழமையானது. தொட்டால் பொடியாகும் அளவுக்கு அதன் எலும்புகள் நலிந்திருந்தன. தோக்கியோ பல்கலைக்கழகத்தின் கென் சுவா அதன் மண்டையோட்டுத் துண்டுகளை நுண் சி.டி. கருவியில் ஸ்கேன் செய்து, திரைக்குள்ளேயே பல ஆண்டுகள் பொருத்திப் பார்த்தார். முடிவு 2009-இல் வெளிவந்தது. திரையில் ஒரு துண்டை ஆயிரம் முறை திருப்பினாலும் பொடி உதிராது.

துண்டுகள் பிரிந்தபின் சேர்க்க வேண்டும். உடைந்த விளிம்புகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும் என்பது முதல் விதி. மண்டையோட்டு எலும்புகள் சேரும் தையல் கோடுகள் தொடர வேண்டும் என்பது இரண்டாவது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் கடித்தால் பொருந்த வேண்டும் என்பது மூன்றாவது. பல்லின் எனாமல் உடலிலேயே கடினமான பொருள். மற்றவை வளைந்த இடத்தில் அது பெரும்பாலும் வளையாது. காதின் உள்ளறையைச் சுற்றியுள்ள எலும்பும் மிக அடர்த்தியானது. உடல் சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழல்கள் மூன்று அதற்குள் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்டச் செங்குத்தாக அமைந்திருக்கின்றன. அந்தக் கோணங்கள் கலைந்திருந்தால் அழுத்தம் அதுவரை எட்டியிருக்கிறது என்று பொருள். இவை எல்லாம் பொய் சொல்லத் தெரியாத சாட்சிகள்.

உடையாமல் வளைந்ததற்கு வேறு சாட்சி வேண்டும். முதுகெலும்புள்ள உயிர்களின் உடலிலேயே அது இருக்கிறது: இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பம். இடக்கண்ணின் வெளிமூலை, வலக்கண்ணின் வெளிமூலை என்று இணை இணையாக அடையாளப் புள்ளிகள் குறிக்கிறார்கள். அதாவது, எந்த மண்டையோட்டிலும் அதே இடத்தில் காணக்கூடிய புள்ளிகள். பிறகு முழு மண்டையோட்டையும் கணினியில் இடவலமாகப் புரட்டுகிறார்கள். மண் இடப்பக்கம் தள்ளியிருந்தால், பிம்பத்தில் வலப்பக்கம் தள்ளியதுபோலத் தெரியும். இரண்டுக்கும் சராசரி எடுத்தால் தள்ளல்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. நடுவே நேரான முகம் எழுகிறது.

புள்ளிகள் சில நூறுதான். மீதமுள்ள கோடிக்கணக்கான கனப்புள்ளிகள் எங்கே போகும்? அதற்குத்தான் மென்தகட்டுக் கணக்கு என்ற உத்தி. ஃப்ரெட் புக்ஸ்டைன் 1989-இல் இதை உயிரியல் வடிவ ஆய்வுக்குக் கொண்டுவந்தார். சில இடங்களில் ஆணியடித்த மெல்லிய உலோகத் தகடு, இயன்ற அளவு குறைவாக வளைந்து அந்த ஆணிகளைத் தொடும். அதே சமன்பாட்டைப் பயன்படுத்தினால், குறித்த புள்ளிகள் குறித்த இடத்துக்குப் போகும்; மற்றவை எல்லாம் தேவைக்கு மேல் ஒரு துளியும் வளையாமல் பின்தொடரும். காணாமல் போன எலும்பை ஊகிக்கவும் இதே கணக்கு உதவுகிறது. தேவையில்லாமல் எதையும் வளைக்காதே என்பதே இதன் கட்டளை.

சமச்சீரை நம்பி முழுக்கத் தலைகொடுக்கவும் முடியாது. மேலிருந்து நேராக அழுத்தினால் இரண்டு பக்கமும் ஒரே அளவு தட்டையாகும். இடமும் வலமும் பிசகாமல் ஒத்திருக்கும். ஆனாலும் உருவம் தவறு. கண்ணாடிச் சோதனையில் அது முழு மதிப்பெண் வாங்கிவிடும். ஸ்காட்லாந்தில் கிடைத்த 33 கோடி ஆண்டு பழைய கிராசிகைரினஸ் என்ற இரண்டு மூன்று மீட்டர் நீள நீர்வேட்டையாடியின் கதையைப் பாருங்கள். அதன் மண்டையோடுகள் எல்லாம் நசுங்கியவை. விலாங்கு வகையான மோரே மீனைப்போல ஒடுங்கி உயர்ந்த தலை என்று நெடுநாள் வரைந்திருந்தார்கள். லாரா போரோவும் சகாக்களும் எலும்புகளை ஸ்கேன் செய்து, திரையில் ஒவ்வொன்றாகப் பிரித்து, தையல்களை வழிகாட்டியாகக் கொண்டு மறுபடி சேர்த்து 2023-இல் வெளியிட்டார்கள். அகன்ற மேலண்ணத்தையும் குறுகிய உச்சி எலும்பையும் வைத்து அந்த உயரமான தலையைக் கட்ட முயன்றார்கள். எலும்புகள் சேரவே மறுத்தன. சேர்ந்தபோது வந்தது முதலையை நினைவூட்டும் தாழ்ந்த தலை. பழைய படத்தைத் தள்ளுபடி செய்தது ஒரு புதிய கற்பனை அல்ல. பொருந்த மறுத்த இரண்டு எலும்புகள்தான்.

இந்த விதிகளோடுதான் ஜூரிக் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோஃப் சோலிகோஃபரும் மார்சியா போன்சே டி லியோனும் தூமாயைக் கையிலெடுத்தார்கள். சி.டி. படத்தில் விரிசல் வழியே துண்டுகளைப் பிரித்து, இடுக்கு மண்ணை நீக்கி, விளிம்பும் சமச்சீரும் ஒத்துப்போகும்வரை பொருத்தினார்கள். ஒரே முறை செய்து நிறுத்தவில்லை. மறுபடியும் செய்து, ஒரே உருவம்தான் வருகிறதா என்று பார்த்தார்கள். அடுத்துச் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். இது சிம்பன்சியாகவோ கொரில்லாவாகவோ இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அந்த அச்சுக்கு வளைத்துப் பார்த்தார்கள். முகம் இயற்கையில் இருக்க முடியாத அளவுக்குச் சிதைந்தது. கண்குழித் தளத்துக்கும் அடித்துளைத் தளத்துக்கும் இடையிலான கோணம் மனிதரில் சராசரி 103 பாகை, சிம்பன்சியில் 64. மீட்ட தூமாயில் 95. மூளைக்கொள்ளளவு 360 முதல் 370 மில்லிலிட்டர் வரை. அரை லிட்டர் பாட்டிலில் முக்கால் பங்கு. மூளை சிம்பன்சி அளவு, துளையின் கோணம் மனிதர் பக்கம். நிமிர்ந்து நடந்திருக்கலாம் என்று 2005-இல் எழுதினார்கள். அதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள்; வாதம் இப்போது அதே இடத்தில் கிடைத்த தொடையெலும்புக்கு நகர்ந்துவிட்டது.

ஒரு தாடை நிமிர்ந்தால் ஒரு குடும்ப மரமே மாறலாம். தான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் 1960-இல் கிடைத்த கோணல் தாடையும் மண்டைத் துண்டுகளும்தான், 1964-இல் ஹோமோ ஹாபிலிஸ் என்ற இனத்துக்கே முன்மாதிரியாக வைக்கப்பட்டவை. வயது சுமார் 18 லட்சம் ஆண்டு. அரை நூற்றாண்டு கழித்து ஸ்பூரின் குழு அதைத் திரையில் நிமிர்த்தியது. பல்வரிசை நீண்டு, ஒடுங்கி, ஏறக்குறைய இணைகோடுகளாக இருந்தது: எதிர்பார்த்ததைவிடப் பழமையான தாடை. மூளையோ 729 முதல் 824 மில்லிலிட்டர் வரை: எதிர்பார்த்ததைவிடப் பெரிது. எத்தியோப்பியாவில் கிடைத்த 23 லட்சம் ஆண்டு பழைய ஒரு மேல்தாடை, காலத்தால் மூத்ததாக இருந்தும் இதைவிடப் புதுமையானது. அப்படியானால் நம் பேரினத்தின் கிளைகள் 23 லட்சம் ஆண்டுக்கு முன்பே பிரியத் தொடங்கியிருக்க வேண்டும் என்று 2015-இல் முடிவு சொன்னார்கள்.

இந்த முறைகளை எப்படிச் சோதிப்பது? அசலைப் பார்த்தவர் யாரும் இல்லையே. ஆய்வாளர்கள் எதிர்ப்பக்கமிருந்து வந்தார்கள். நல்ல நிலையில் உள்ள, அளவுகள் தெரிந்த எலும்புகளை எடுத்துக் கணினியில் வேண்டுமென்றே நசுக்கினார்கள். அவற்றை மீட்டு, விடைத்தாளோடு ஒப்பிட்டார்கள். சமச்சீர் திரும்பிவிட்டது, அசல் வடிவம் எல்லா நேரமும் திரும்பவில்லை. நேரான முகம் கிடைத்துவிட்டது என்பதற்காக உண்மையான முகம் கிடைத்துவிட்டதாகாது. உயிருள்ள முகத்தில் இயல்பாக இருக்கும் சின்னக் கோணலையும் சராசரி துடைத்துவிடும். எனவே நல்ல ஆய்வுகள் ஒரே உருவத்தைத் தராமல், சாத்தியமான உருவங்களின் வரம்பைத் தருகின்றன. ஹாபிலிஸின் மூளைக்கு ஒற்றை எண் சொல்லாமல் 729 முதல் 824 வரை என்று சொன்னது அதனால்தான்.

பசையும் பிளாஸ்டரும் கொண்டு ஒட்டிய காலத்தில், ஒட்டியவரின் முடிவு எலும்போடு சேர்ந்து இறுகிவிடும். தவறு என்று பிறகு தெரிந்தால் எலும்பையே பிரிக்க வேண்டும். கணினியில் எந்தப் புள்ளி எந்தப் பக்கம் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்பது பதிவாகிறது. அடுத்து வருபவர் ஒரே ஒரு படியை மட்டும் ரத்து செய்து, மீதியை அப்படியே வைத்துத் தொடரலாம். சீனாவின் ஹூபெய் மாகாணத்தில் யுன்ஷியன் என்ற இடத்தில் 1990-இல் கிடைத்த மண்டையோடு நசுங்கியிருந்ததால் பல ஆண்டுகள் வகைப்படுத்தவே சிரமமாக இருந்தது. 2025-இல் சீன, பிரிட்டன் ஆய்வாளர்கள் அதைத் திரையில் நிமிர்த்தி, டிராகன் மனிதன் எனப்படும் ஹோமோ லாங்கி கிளையில் சேர்க்கலாம் என்றார்கள். மனிதக் கிளைகள் நினைத்ததைவிட வெகு முன்னரே பிரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளாதவர்கள் திரும்பவும் அந்த ஸ்கேனைத் திறந்து, எந்த நகர்வில் கருத்து வேறுபடுகிறது என்று சுட்டிக்காட்ட முடியும். அருங்காட்சியக இழுப்பறைகளில், அளக்க லாயக்கில்லை என்று ஒதுக்கிய நசுங்கிய எலும்புகள் உலகெங்கும் இருக்கின்றன. அவற்றில் எத்தனையோ இப்போது முதன்முறையாக அளக்கத் தகுந்தவை ஆகியிருக்கின்றன.